மூன்று சிரட்டைகள்

காஜா பெராங், மலாக்கா
சுபானு வருஷம் ஆனி 20

செல்ல மகள் சாரதாம்பாளுக்கு, அம்மா பாக்கியம் எல்லா நலமும் கோரி எழுதுவது. நானும், இங்கே படிக்க விட்ட உன் மகள் சந்திரமதியும் சுகம். ரப்பர் தோட்டத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? உன் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜாசினில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பிராஜா நம் சந்திரமதியைக் கேட்டு ஆள் அனுப்பியதாகவும், நீங்கள் தாம்பூலத் தட்டை வாங்கி வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அவருக்கு முப்பத்தெட்டு வயது. முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு. இவளுக்குப் பதினைந்து நடக்கிறது.

வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது என்கிறாய். எனக்கும் பயந்தான். தெருவில் ஜப்பான் பட்டாளத்து லாரிச் சத்தம் கேட்டால் இவளைப் பக்கத்து வீட்டு மீனாச்சியின் கோழிக் கூட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷைப் பரீட்சை வைக்கிறார்கள். அதில் தேறுகிற பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை உண்டு என்று கருணாகரன் வாத்தியார் சொன்னார். கையில் கட்டிக்கொள்ளத் துணிப்பட்டை தருவார்கள். அந்தப் பட்டை உள்ள பெண்ணிடம் யாரும் வம்புக்கு வருவதில்லை. கல்யாணம் செய்து கொடுத்தால் வருகிற பாதுகாப்பு இதிலும் வருமல்லவா?

என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். வகுப்பில் முதல் மார்க்கு நான். ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை கூடப் போட்டு வைத்திருந்தேன். அட்டை போட்ட மறு வாரம் பந்தலில் உட்கார வைத்தார்கள். உனக்குத் தெரிந்த கதைதான்.

பரீட்சை முடிவு வரும்வரை தட்டு அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இதற்கு முன்னால் அவரிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

உன் அம்மா,
பாக்கியம்


சிகாமட் பக்கத் தோட்டம்
ஆடி 2

அம்மாவுக்கு சாரதா நமஸ்காரம் செய்து எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். இடுப்பு வலி குனிந்தால் இருக்கிறது, நிமிர்ந்தால் இல்லை. நீங்கள் வெறும் மரவள்ளிக் கிழங்கையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவர், எந்தக் காகிதத்தையும் ஒரு தடவைதான் படிப்பார். இதை இரண்டு தடவை படித்தார். "உங்கம்மா கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "தேறலைன்னா தை மாசம் கல்யாணம். அப்ப உங்கம்மா வந்து அழக்கூடாது" என்றார்.

ஆகவே தட்டு இங்கேயே அலமாரி மேல் இருக்கிறது. தம்பிராஜா வீட்டாருக்குத் தை வரையில் தவணை சொல்லியிருக்கிறோம்.

எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை அம்மா. அந்தப் பாஷையில் உங்களுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தெரியாத பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்? பிள்ளையும் பயந்த சுபாவம். கேள்வித்தாளைப் பார்த்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

உங்கள் மகள்,
சாரதா

மாமிக்கு நமஸ்காரம். மதியை அதிகம் விரட்டாதீர்கள். தூங்கட்டும். – கலியாணசுந்தரம்


காஜா பெராங்
ஆடி 18

சாரதாம்பாளுக்கு அம்மாவின் ஆசி. இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளை கடைசியில் ஒரு வரி எழுதியதைச் சந்திரமதி வெட்டி எடுத்துக்கொள்ளக் கேட்டாள். கடிதத்தைக் கிழிக்க நான் விடவில்லை.

எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று கேட்டாயே. நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. கேள்வி கேட்கப் போகிறேன். அதற்குப் பாஷை வேண்டாம், பிடிவாதம் போதும்.

முதலில் அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடி ஆடிப் படித்தாள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிக் கேட்டால் பத்தில் மூன்றுதான் வருகிறது. "படிக்கும்போது எல்லாம் தெரியுதே பாட்டி" என்கிறாள். திறந்த புத்தகத்தில் யாருக்குத்தான் தெரியாது?

காகிதம் எங்கும் கிடைக்கவில்லை. மீனாச்சி வீட்டில் அவள் மகன் கல்யாணத்துக்கு, சண்டைக்கு முன்னால் அடித்த பத்திரிகை ஒரு கட்டு மிச்சம் இருந்தது. பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற செட்டிக் கம்பத்துக்காரி அவள். தமிழ் வராது, மலாய்தான் பேசுவாள். என்னைக் "காக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் அக்காள் என்று அர்த்தமாம். கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினோம். மங்குஸ்தான் தோலைக் காய்ச்சி மை செய்தேன். ஒரு சீட்டுக்கு ஒரு சொல் அல்லது ஒரு சின்ன வரி. நடுவில் ஜப்பான் எழுத்து, ஓரத்தில் பொடியாகத் தமிழில் அர்த்தம். ஓரத்தை என் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சீட்டைக் காட்டுவேன்.

மூன்று தேங்காய்ச் சிரட்டை வைத்திருக்கிறேன். புதுச் சொல் முதல் சிரட்டையில் கிடக்கும். அதைத் தினமும் விடியற்காலையில் கேட்பேன். சரியாகச் சொன்னால் சீட்டு இரண்டாம் சிரட்டைக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒரு தடவை. அங்கும் தப்பாமல் சொன்னால் மூன்றாம் சிரட்டை. அது வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மட்டும். எங்கே தப்பினாலும் சீட்டு மறுபடி முதல் சிரட்டைக்கு வந்துவிட வேண்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்படுகிற வேலை இங்கே நடக்காது.

நேற்று மூன்றாம் சிரட்டைக்கு முதல் சீட்டு போயிற்று. "ஒத்தோசான்." அப்பா என்று அர்த்தம். அதை அவள் ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல், பிள்ளை எட்டு மணிநேரம் தூங்குகிறாள். விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் வேறு வழியும் இல்லை.

இப்படிக்கு,
அம்மா


தோட்டம்
ஆவணி 12

அம்மாவுக்கு நமஸ்காரம். சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்க வேண்டாம். தோட்டத்தில் வேலை ஜாஸ்தி.

தம்பிராஜாவின் அக்காள் புருஷன் வந்திருந்தார். தை வரைக்கும் எதற்கு, ஐப்பசியிலேயே முடித்துவிடலாம் என்கிறார். "நாட்டு நிலைமை தெரியாம பொண்ணைப் படிக்க வெச்சிருக்கீங்க" என்றார். வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று அனுப்பிவைத்தேன். மறுபடியும் வருவார்.

சந்திரமதி எத்தனை பாடம் முடித்திருக்கிறாள் என்று எழுதவும். கட்டாயம் தேறிவிடுவாளா? வாத்தியாரிடம் கேட்டு எழுதவும்.

அவருக்கு ஒழிவு இல்லாததால் தனியாக எழுதவில்லை.

சாரதா


காஜா பெராங்
ஆவணி 27

சாரதாம்பாளுக்கு அம்மாவின் ஆசி. உன் கடிதம் அரைப் பக்கந்தான் இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாப்பிள்ளைக்கு எத்தனை வேலை இருந்தாலும் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? அடுத்த கடிதத்தில் எழுதச் சொல். பிள்ளை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கட்டாயம் தேறுவாளா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நடுவில் ஐந்து நாள் குளிர்காய்ச்சல். வேப்பிலைக் கஷாயமும் மீனாச்சி கொடுத்த ஏதோ வேரும் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்ததும் கேட்டால், மூன்றாம் சிரட்டையில் இருந்த நூற்றுச் சொச்சம் சொல்லில் அறுபது மறுபடி முதல் சிரட்டைக்கு வந்துவிட்டது. அவள் அழுதாள். "அழுதுக்கிட்டே சொல்லு, பரவாயில்ல" என்றேன். அழுதுகொண்டே சொன்னாள். இப்போது நாற்பது திரும்ப ஏறிவிட்டது.

இன்னொரு சங்கதி. சிரிக்காதே. அந்த எழுத்து எனக்கும் வருகிறது. தினமும் சீட்டைக் காட்டிக் காட்டிக் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அ, இ, உ, எ, ஒ என்று ஆரம்பித்து, பிறகு க, கி, கு, கெ, கொ என்று போகிறது. நம்முடைய அரிச்சுவடியை யாரோ பாதி தின்றுவிட்டு மீதியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன், சீட்டில் இல்லாததற்கு அர்த்தந்தான் தெரியாது. "பாட்டி, நீங்களும் பரீட்சைக்கு வந்துடாதீங்க, எனக்கு ரெண்டாவது எடந்தான் கிடைக்கும்" என்கிறாள் உன் மகள். வாய்க்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை.

புத்தகத்தில் முப்பது பாடம். பதினெட்டு வரைக்கும் எல்லாச் சொல்லும் சீட்டில் ஏற்றியாயிற்று. புத்தகம் பள்ளிக்கூடத்துச் சொத்து, ஆளுக்கு ஒன்றுதான். தொலைந்தால் வேறு கிடையாது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஐப்பசிப் பேச்சுக்கு இடம் கொடுக்காதே. மாப்பிள்ளை தை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அம்மா


காஜா பெராங்
புரட்டாசி 27

சாரதாம்பாளுக்கு ஆசி. சுகம். உன் பதில் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சரஸ்வதி பூஜை நல்லபடியாக நடந்தது. வாழைப்பழமும் அவித்த மரவள்ளியும் வைத்தேன். அவல் எங்கே கிடைக்கிறது? மீனாச்சியும் வந்து கும்பிட்டுப் போனாள்.

சந்திரமதிக்குப் பல்வலி. கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. புத்தகம் பத்திரமான இடத்தில் இருக்கிறது. சீட்டு தினமும் நடக்கிறது.

மாப்பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

அம்மா


தோட்டம்
ஐப்பசி 9

அம்மாவுக்கு நமஸ்காரம். இதைக் கரி லாரியில் கூடப் போகும் அப்புவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலாக்காவுக்கு வருகிறான், நம்பலாம். தபாலில் போகிற கடிதத்தை யாராவது பிரித்துப் படித்துவிடுகிறார்கள். இதை ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

அப்பு போன தடவை பள்ளிக்கூடம் வழியாகப் போனானாம். எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்குள் உட்கார்ந்திருக்க, நம் சந்திரமதி மட்டும் வெயிலில் கொடிக்கம்பத்து மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள் என்கிறான். கன்னத்தில் வீக்கம் இல்லையாம், விரல் பதிந்த தடமாம். "அக்கா, அது பல்வலி மாதிரி தெரியல" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது? அவளைப் பரீட்சைக்கு விடுவார்களா மாட்டார்களா? தம்பிராஜா வீட்டார் நேற்றும் வந்தார்கள். தீபாவளி கழிந்து முகூர்த்தம் குறிக்கலாம் என்கிறார்கள். நான் ஒருத்தி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன்?

உண்மையை எழுதுங்கள் அம்மா. நான் தாங்கிக்கொள்வேன்.

சாரதா


காஜா பெராங்
ஐப்பசி 17

சாரதாம்பாளுக்கு, உன் அம்மா எழுதுவது. சந்திரமதி சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை மெதுவாகப் படி.

தப்பு என்னுடையது. பூஜைக்கு முதல் நாள் சாயந்திரம் அவள் புத்தகத்தை வாங்கி சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மறுநாள் முழுக்கப் புத்தகத்தைத் தொடக்கூடாதென்று சீட்டைக்கூட எடுக்கவில்லை. நம் வீட்டில் எப்போதும் செய்கிற மாதிரி முதல் பக்கத்தைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உன் புத்தகங்களுக்கும் அப்படித்தானே வைத்தேன்? அந்த முதல் பக்கத்தில் அவர்கள் ராஜாவின் அரண்மனைப் படம் இருந்தது. எனக்கு அது பாலம் போட்ட ஒரு பெரிய வீடாகத்தான் தெரிந்தது. சரியாக அதன் நடுவில் பொட்டு வைத்திருக்கிறேன்.

விஜயதசமி கழிந்து பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கென்று பள்ளித் தலைவர் வந்து எல்லார் புத்தகத்தையும் பார்த்திருக்கிறார். அவர் ஜப்பான்காரர். பக்கத்தைத் திறந்தவர் இவளை இரண்டு அறை அறைந்தார். புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்திரமான இடம் என்று நான் எழுதியது அதைத்தான்.

மத்தியானம் கருணாகரன் வாத்தியார் வீட்டுக்கு ஓடி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க பாட்டி."

"சாமிக்கு வெச்சேன் தம்பி."

"நீங்க எந்தச் சாமிக்கு வெச்சாலும், வெச்ச எடம் அவங்க சாமி. பேரை அடிக்கப் போறாங்க. பரீட்சை போச்சு."

"யாரு அடிக்கப் போறாங்க? அவரா? வாங்க, போய்க் கேப்போம்."

"கேக்கறதா? அங்க யாரும் எதையும் கேக்கறதில்ல பாட்டி."

உனக்கு ஒன்று தெரியாது. ஜப்பான் சிப்பாய் காவல் நிற்கிற சந்தியில் எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டுப் போக வேண்டும். ஒன்றரை வருஷமாக நான் அந்தச் சந்தியைத் தொடுவதில்லை. உப்பு வாங்கக்கூடக் கோயிலுக்குப் பின்னால் அரை மைல் சுற்றித்தான் போவேன். அன்றைக்குச் சுற்றிப் போக நேரமில்லை. சந்தியில் குனிந்தேன். பள்ளிக்கூட வாசலில் குனிந்தேன். பள்ளித் தலைவர் அறையில் போய்த் தரையைப் பார்க்கும் அளவுக்குக் குனிந்தேன். உன் அப்பா முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

அந்தச் சிவப்பு என்ன என்று கேட்கச் சொன்னார். கருணாகரன் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "அதுக்குப் பேரு பொட்டு. மதிக்கிற எடத்துலதான் வெப்போம். மிதிக்கிற எடத்துல வெக்கமாட்டோம். என் பேத்தி நெத்தியப் பாக்கச் சொல்லுங்க." வாத்தியார் அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. தலைவர், மூலையில் நிறுத்தியிருந்த சந்திரமதியின் நெற்றியைப் பார்த்தார். அவளும் அன்றைக்குப் பெரிதாக வைத்திருந்தாள்.

பிறகு நான் சீட்டில் படித்த ஒன்றைச் சொன்னேன். "வாத்தாகுஷி கா வாருய் தெஸு." நான்தான் தப்புச் செய்தேன் என்று அர்த்தம். பதினாறாம் பாடம்.

அவர் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கரும்பலகைப் பக்கம் கையைக் காட்டினார். வாசிக்கச் சொல்கிறார் என்று கருணாகரன் சொன்னார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். என்ன அர்த்தமென்று இன்றுவரை தெரியாது. முடித்ததும் அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து ஏதோ சொன்னார்.

தீர்ப்பு இதுதான். பேரை அடிக்கவில்லை. பரீட்சை எழுதலாம். ஆனால் புத்தகம் கிடையாது, வகுப்புக்குள் வரக்கூடாது. பரீட்சை வரை தினமும் மைதானம் கூட்ட வேண்டும்.

இருபத்து மூன்று பாடம் சீட்டில் இருக்கிறது. மீதி ஏழு பாடம் இல்லை. ஆனால் கருணாகரன் வாத்தியார் இப்போதெல்லாம் ஜன்னலோரமாகவே நின்று பாடம் நடத்துகிறாராம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சத்தம் போட்டு வாசிக்கிறாராம். சந்திரமதி அந்த ஜன்னலுக்குக் கீழேதான் கூட்டுகிறாள். கேட்டதை மணலில் துடைப்பக் குச்சியால் எழுதிப் பார்த்துவிட்டுக் கூட்டிவிடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் சீட்டில் ஏற்றுகிறோம். இவ்வளவு சுத்தமான மைதானம் மலாக்காவிலேயே கிடையாது என்கிறாள்.

உன்னிடம் மறைத்தது தப்புத்தான். தெரிந்தால் தம்பிராஜா வீட்டாருக்குச் சரி சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

நீயும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

அம்மா


காஜா பெராங்
மார்கழி 3

சாரதாம்பாளுக்கு ஆசி. நாங்கள் சுகம். ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அப்புவிடம் கேட்டால், "அக்கா நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கரிமூட்டையை எண்ணுகிறான்.

பரீட்சை முடிந்தது. அன்று காலையில் சிரட்டையை எடுத்தேன். "வேணாம் பாட்டி, இன்னைக்குக் கேக்காதீங்க. ஒண்ணு தப்பினாலும் அதையே நெனச்சுக்கிட்டுப் போவேன்" என்றாள். நியாயமாகப் பட்டது. கஞ்சி கொடுத்து அனுப்பினேன். அவள் திரும்பி வரும்வரை மீனாச்சி என் கூடவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருமாக ஒரு முறம் கீரையை மூன்று தடவை ஆய்ந்தோம்.

நேற்று முடிவை ஒட்டினார்கள். நாற்பத்தோரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். சந்திரமதி ஏழாவது.

அவள் ஏழாவது இடத்தில் தேறினாள் என்று இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பியாயிற்று. கீழே தகப்பனார் கையெழுத்து மட்டும் வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். எட்டாவதாக வந்த பெண்ணின் அப்பா தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறார்.

அப்பு வருகிற வாரம் திரும்பி வரும்போது கொடுத்து அனுப்பு. மாப்பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வரிகூட எழுத வேண்டாம்.

அம்மா


தோட்டம்
மார்கழி 13

அம்மாவுக்கு நமஸ்காரம். பாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன்.

அவர் இங்கே இல்லை அம்மா.

ஆடி 27ஆம் தேதி விடியற்காலை, பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது லாரிகள் வந்தன. நம் தோட்டத்திலிருந்து எழுபது பேரைச் சயாமுக்கு ரயில்பாதை வேலைக்கு ஏற்றினார்கள். பேர் எழுதிக் கணக்குச் சொல்ல ஒரு கிராணி கூடப் போக வேண்டும் என்றார்கள். அவரைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து சட்டை எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். இரண்டு சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பரீட்சை முடியறவரைக்கும் மதிக்கு எழுதாத. உங்கம்மாவுக்கும் எழுதாத. அவங்களுக்குத் தெரிஞ்சா முகத்துல தெரியும், முகத்துல தெரிஞ்சா பிள்ளை படிக்காது."

வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "தேறிட்டான்னா அவ இஷ்டம். தட்டைத் திருப்பிக் குடுத்துடு" என்றார். அதுதான் கடைசி.

புரட்டாசியில் ஒரு அட்டை வந்தது. சுகம் என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் கையெழுத்து மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை.

தம்பிராஜா வீட்டார் வந்தபோதெல்லாம், "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர்களுக்கும் தெரியும், எங்கே போயிருக்கிறார் என்று. ஒரு தடவை அந்த அக்காள் புருஷன், "அவரு வர்றப்ப பொண்ணுக்குப் பேரன் பொறந்திருப்பான்" என்றார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து யோசித்தேன். தனியாக இருக்கிறேன், யாராவது ஒரு ஆண்பிள்ளை துணை வேண்டாமா, கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் குனிந்த கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். நான் எழுத முடியாமல் இருந்தேன்.

தட்டை நேற்று ஆள் மூலம் ஜாசினுக்கு அனுப்பிவிட்டேன்.

பாரத்தில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். சாரதாம்பாள், தாயார் என்று. ஏற்றுக்கொள்வார்களா தெரியாது. அவர் கையெழுத்தை எனக்குப் போடத் தெரியும், சம்பளச் சீட்டில் மாதாமாதம் பார்த்ததுதான். ஆனால் அவர் இல்லாதபோது அவர் கையெழுத்தைப் போட மனசு வரவில்லை. போட்டால் அவர் இனிமேல் வரமாட்டார் என்று நானே எழுதிக்கொடுத்தது மாதிரி இருந்தது.

சந்திரமதியிடம் நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

சாரதா


காஜா பெராங்
மார்கழி 21

சாரதாம்பாளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ சாப்பிடு. அதை முதலில் செய்.

பாரத்தைக் கருணாகரன் வாத்தியார் கொண்டுபோய்க் கொடுத்தார். தாயார் கையெழுத்துச் செல்லுமா என்று இரண்டு நாள் பேசினார்களாம். இந்த வருஷம் அப்படி இன்னும் நான்கு பாரம் வந்திருக்கிறதாம். கடைசியில் முத்திரை குத்தினார்கள். தை முதல் தேதி அவள் வேலைக்குப் போகிறாள். துணிப்பட்டை வந்துவிட்டது. கைக்குப் பெரிதாக இருக்கிறது, நான் பிடித்துத் தைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியும் சாரதா. ஆவணிக் கடிதத்தின் அடியில் அந்த ஒரு வரி இல்லாததைப் பார்த்த அன்றைக்கே ஏதோ என்று தோன்றியது. அதற்கப்புறம் மாப்பிள்ளையின் எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். நீ பொய் சொல்கிறாயா என்று பார்க்க இல்லை. எழுதுவார் என்று நம்பிக்கொண்டிருக்கத்தான்.

சந்திரமதியிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தாள். "எனக்கு எழுதக் கூடாதுன்னு அப்பாதான் சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மீனாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அப்பு அடுத்த தடவை வரும்போது நீ லாரியில் ஏறிவிடு. மூட்டை மேல் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. இங்கே மூன்று பேர் கிழங்கு தின்போம்.

பரீட்சை முடிந்துவிட்டது, சீட்டைக் கட்டி அடுக்கிவிடலாம் என்று நேற்று விடியற்காலை சிரட்டைகளை எடுத்தேன். முதல் சிரட்டை காலியாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு முன்னாலேயே எல்லாம் ஏறிவிட்டதே. உள்ளே ஒரு சீட்டு கிடந்தது. "ஒத்தோசான்." அப்பா என்ற சொல். ஆடி மாதம் மூன்றாம் சிரட்டைக்குப் போன சீட்டு, ஒருதடவையும் தப்பாதது.

"இதை யாருடி கீழ எறக்கினது?" என்றேன்.

"நான்தான் பாட்டி. அது வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேணாம். தினமும் கேளுங்க."

இன்று காலையும் கேட்டேன். சொன்னாள்.

உன் அம்மா,
பாக்கியம்